சேற்றில் சிக்கியபோது கண்ட காட்சி

எனக்குப் பறவைகளைப் படமெடுப்பதில் ஆசை. போன மழைக்காலம் முடிந்ததும் என் நாத்தனார் கீதாவோடு அடையாறு ஆற்றோரம் உள்ள ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். நீரோரமாக ஒரு கூழைக்கடா நின்றது. இன்னும் கிட்டே போய் எடுக்கலாமே என்று நடைபாதையை விட்டு இறங்கினேன்.

"அண்ணி, இறங்கக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்களே!" என்றாள் கீதா.

"தரை காஞ்சுதான் இருக்கு, வா" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வலது கால் முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. அதை இழுக்கப்போய் இடது காலும் புதைந்தது.

கீதா போட்ட கூச்சலில் காவலாளி ஓடிவந்தார். "ஆடாம நில்லும்மா! ஆட ஆட உள்ள போய்க்கினே இருப்ப. பலகை எடுத்தாறேன்" என்று கத்திவிட்டு ஓடினார்.

மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி நின்றேன். அப்போது என்னைச் சுற்றியிருந்த சேறே அசைந்தது. துளைகளிலிருந்து குட்டிக் குட்டி நண்டுகள் வெளியே வந்தன. கட்டைவிரல் நகம் அளவு உடம்பு. ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, செம்மஞ்சள் நிறத்தில். நூற்றுக்கணக்கான கொடுக்குகள் என்னைச் சுற்றி உயர்ந்து உயர்ந்து இறங்கின. ஒன்று என் சுடிதார்மேல் ஏறி இறங்கிப் போனது. பயம் போன இடம் தெரியவில்லை. இத்தனை உயிர்களையா மிதித்துக்கொண்டு வந்தேன்!

பலகையில் குப்புறப் படுத்து ஊர்ந்துதான் கரையேறினேன். செருப்பு சேற்றோடு போயிற்று.

இப்போதும் அங்கே போகிறேன், ஆனால் பாதையை விட்டு இறங்குவதில்லை. சேற்றுக்கு மேலாகப் போகும் மரப்பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் அந்த நண்டுகள் தாமாகவே வெளியே வந்துவிடுகின்றன.