சாம்பல் சட்டையும் வெல்டிங் கண்ணாடியும்

மொட்டைமாடிக் கொடியில் ஒரு வெள்ளை வேட்டி காய்கிறது. அதற்கு எதிரே டிரைபாடில் கேமரா. உச்சி வெயில். காலையிலிருந்து இந்த ஒரே வேட்டியை நாற்பது தடவைக்கு மேல் படம் எடுத்துவிட்டேன். துணி எடுக்க வந்த என் மனைவி, "இன்னாங்க, அந்த வேட்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

விஷயம் இதுதான். லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று உண்டு, என்.டி. ஃபில்டர் என்பார்கள். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், நிறத்தைத் தொடக்கூடாது. அதற்கு இருக்கிற ஒரே வேலை அது. வெளிச்சம் குறைந்தால் பட்டப்பகலிலும் அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். ஓடுகிற தண்ணீர் பஞ்சாகும். நடக்கிற மனிதர்கள் படத்தில் விழாமலே போவார்கள். செம்பரம்பாக்கம் ஏரியில் மதகு திறக்கும்போது எடுக்கலாம் என்று ஆசைப்பட்டு, மூன்று கம்பெனிகளின் மூன்று ஃபில்டர்களை வாங்கினேன். மூன்று டப்பாவிலும் நிறம் மாறாது என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். முதலாவதில் என் வேட்டி நன்னாரி சர்பத்தில் விழுந்து எழுந்திருக்கிறது. இரண்டாவதில் சொட்டுநீலம் கூடிப்போன பள்ளிக்கூடச் சட்டை. மூன்றாவது கொஞ்சம் யோக்கியம். நடுவில் வெள்ளை, ஓரங்களில் மட்டும் பன்னீர் ரோஜா. நீங்களே சொல்லுங்கள். இருட்டாக இரு என்றால் இருந்துவிட்டுப் போக வேண்டியதுதானே? யார் இவர்களை வர்ணம் பூசச் சொன்னது?

எரிச்சலோடு மூன்றாவது டப்பாவை மூடப் போனேன். உள்ளேயிருந்து புது ரப்பர் வாசனை வந்தது. ரப்பர் என்றால் எனக்கு ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்ட் என்றால் சகாயம்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் எனக்கு முதல் வேலை, தரப் பரிசோதனையில். சகாயம் வெல்டிங் லைனில். அவன் பக்கத்தில் போனாலே கருகிய இரும்பும் கோகுல் பவுடரும் கலந்த ஒரு வாசனை வரும். வேறெங்கும் அதை நான் முகர்ந்ததில்லை. அவன் போட்ட வெல்டிங் பற்றுகளில் நான் குறை கண்டதே இல்லை. குறை காண்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதால் அதிலும் கொஞ்சம் எரிச்சல்.

எங்கள் கம்பெனியில் பர்மனென்ட் ஆட்களுக்கு ஆகாய நீலச் சட்டை, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல். கேன்டீனில் சாம்பார் ஒன்று, வரிசை இரண்டு. பஸ்ஸில் நீலம் உட்கார்ந்து முடித்த பிறகுதான் சாம்பல். அந்த ரோட்டில் இருந்த எல்லோருக்கும் எல்லாக் கம்பெனிகளின் சட்டை நிறமும் அத்துப்படி. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள்கூடச் சட்டையைப் பார்த்துத்தான் உட்காரச் சொல்வார்கள். நான் டிப்ளமோ முடித்ததால் நீலம். சகாயம் எனக்கு முன்பே வந்தவன், சாம்பல். கான்ட்ராக்டரின் பெயர் மாறும். அவன் சட்டை மாறாது.

அவனுக்குப் பென்னலூரில் ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெயர் ஜெனிட்டா. அவளுடைய அண்ணன் அந்தோணி அதே ரோட்டில் வேறொரு கம்பெனியில் நிரந்தர வேலைக்காரர். மாப்பிள்ளை யூனிஃபார்மில் கம்பெனி கேட் முன்னால் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று அவர் கேட்டனுப்பினார். எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு அடுத்தபடியாகச் செல்லுபடியான கடுதாசி அதுதான்.

சகாயம் என்னிடம் வந்தான்.

"மச்சான், ஒரே ஒரு நாளு உன் சட்டையக் குடுடா. போட்டுகினு நின்னுட்டு உடனே அவுத்துக் குடுத்துட்றேன்."

"அதுல என் பேரு தச்சிருக்குடா."

"நெஞ்சுல கை கட்டிக்கிறேன். மரியாதையாவும் இருக்கும்."

"பர்மனென்ட்டுன்னு சொல்லிட்டியா?"

"நான் சொல்லலடா. தரகர் சொன்னாரு. நான் இல்லன்னு சொல்லல, அவ்ளோதான். ஆறு மாசத்துல போட்ருவாங்கன்னு சூப்பர்வைசரே சொல்லிக்கீறாரு."

சட்டையை மாற்றிக் கொடுத்தால் வேலை போகும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியைக் காட்டினேன். அதன் பின்னால் ஒளிந்திருந்த என் பயத்தைக் காட்டவில்லை.

சட்டைக்குப் பதில் என் கலையைத் தருவதாகச் சொன்னேன். அப்போது என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிஜிட்டல் கேமரா ஒன்றும், அதைவிடப் பெரிய பைத்தியம் ஒன்றும் இருந்தன. ஃபில்டர் இல்லாதவர்கள், வெல்டர்கள் முகத்துக்கு முன்னால் பிடிக்கிற கறுப்பு வெல்டிங் கண்ணாடியை லென்ஸில் கட்டி எடுக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். "ஒரு கண்ணாடி மட்டும் கொண்டா. அரை நிமிஷம் ஆடாம நில்லு. ஷிப்ட் முடிஞ்சி வர்ற கூட்டம் மொத்தமும் காணாமப் போயிடும். நீ மட்டும் ஓனர் மாதிரி நிப்ப."

"நீலச் சட்டைங்ககூடவா?"

"எல்லாந்தான்."

"நெஜமாவா மச்சான்?" என்று கண்ணை அகல விரித்தான். என் கலைக்கு வாய்த்த முதல் ரசிகன் என்று நான் பூரித்துப்போனேன்.

எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்ட்டில் சுற்றி உதிரிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்தான். நான்கு ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸில் கட்டினேன். மதிய ஷிப்ட் விடும் நேரம்; ரோட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் நான், அந்தப் பக்கம் கேட் ஓரத்தில் சாம்பல் சட்டையோடு அவன். சங்கு ஊதியது. கூட்டம் மடை உடைந்த மாதிரி வந்தது. இடித்தார்கள், "மவனே, சிலையாட்டம் நிக்கிறியே, மால போடணுமா?" என்று கேலி செய்தார்கள், ஒருவன் அவன் தலையில் தட்டிவிட்டுப் போனான். அவன் ஆடவில்லை. வெயில் அவன் கண்ணில் நேராக விழுந்தது, இமைக்கவில்லை. அரை நிமிடம் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

படம் வந்தது. கூட்டம் தரையோரப் புகையாகிப் போயிருந்தது. வெறிச்சோடிய கேட்டில் அவன் ஒருவன். ஆனால் எல்லாமே பச்சை. வானம் பச்சை, சுவர் பச்சை, அவன் பல் பச்சை.

"இன்னாடா இது, ஏரிப் பாசில முக்கி எடுத்தா மாதிரி கீறேன்?" என்று சிரித்தவன், திரையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தான். "சட்ட இன்னா கலர்னே தெரியலல்ல?"

"தெரியல. அதாண்டா பிரச்சினையே."

"அதாண்டா அழகு. இப்டியே ஒண்ணு போட்டுக் குடு."

சரி என்றுதான் சொன்னேன். ஆனால் பச்சைப் பல்லோடு ஒரு படம் என் கையிலிருந்து போவதா? சனிக்கிழமை முழுவதும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கேட் சுவர் சுண்ணாம்பு அடித்தது. அது வெள்ளையானால் மற்ற எல்லாம் சரியாகும் என்று கணக்கு. பச்சையை இறக்கு, சிவப்பை ஏற்று, மறுபடி இறக்கு. வெல்டிங் கண்ணாடி சிவப்பை அநேகமாக விழுங்கிவிடும், பிடுங்கிப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். சாயங்காலம் சுவர் வெளுத்தது. சுவர் வெளுக்க வெளுக்கச் சட்டை சாம்பலாகிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். எவ்வளவு சுத்தமான சாம்பல் என்று மெச்சிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சகாயம், அந்தோணி, ஜெனிட்டா மூவரும் நின்றிருந்தார்கள். என் பையில் பச்சை ஒன்று, திருத்தியது ஒன்று என்று இரண்டு பிரிண்டும் இருந்தன. சகாயம் பச்சையை வாங்கிக் காட்டினான். அந்தோணி, "இன்னாபா, சரியா விழலியா?" என்று முகம் சுளித்தார். அவ்வளவுதான், எனக்கு ரோஷம் பொங்கிவிட்டது. "இல்லண்ணே, ஒரிஜினல் கலர் இதோ" என்று மற்றதை நானே எடுத்து நீட்டினேன்.

அந்தோணி பார்த்தார். என் உழைப்பை அல்ல, சட்டையை.

"சாம்பலா? கான்ட்ராக்ட்டாபா நீ?"

ஜெனிட்டா அண்ணனின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மூஞ்சி நல்லாத்தானண்ணா கீது" என்றாள். அவர் படத்தை என் கையில் திணித்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

"உன் கண்ணுக்கு அந்தச் செவுரு மட்டுந்தான் தெரிஞ்சிதா மச்சான்?" என்று சகாயம் கேட்டான். அதற்குப் பிறகு என்னிடம் அவன் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கான்ட்ராக்டர் வந்தபோது பட்டியலில் அவன் பெயர் இல்லை. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் விசாரித்ததும் தாமதமாகத்தான்.

போன மாதம் அந்தக் கம்பெனி வழியாகப் போனேன். ஷிப்ட் விடும் நேரம். கேட்டிலிருந்து வந்த அத்தனை பேரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். கண் வலிக்கத் தேடினேன், ஒரு சாம்பல் இல்லை. எதிரே டீ போடுகிறவரிடம் கேட்டேன்.

"கலர் பிரிக்கிறதயே தூக்கிட்டாங்க சார். இப்போ எல்லாரும் ஒண்ணு."

"அப்போ கான்ட்ராக்ட் ஆளுங்களை எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"கண்டுபுடிக்க இன்னா சார் கீது?" என்று கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டைப் பார்த்துத் தாடையை நீட்டினார். "வர்றாங்களே, இவங்க எல்லாருந்தான்."