தொட்டில்காரரின் வலது கால்

அந்த வழித்தடத்தில் அவரை யாரும் டிரைவர் என்று சொல்வதில்லை. தொட்டில்காரர் என்பார்கள். அவர் ஓட்டும் பஸ்ஸில் கைக்குழந்தைகள் ஏறிய அடுத்த நிறுத்தத்திலேயே தூங்கிவிடும். பிரேக் போட்டதே தெரியாது. வெறுங்காலோடுதான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டு, பாதத்தைப் பிரேக்கின் மேல் வைத்தால் வண்டி அவர் சொன்னபடி கேட்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சும்மாவா வரும் அந்தக் கால்?

அவர் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். தினமும் காலையில் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போவாள். அவருக்குப் பின்னாலிருக்கும் சீட்டு அவளுடையது. கண்டக்டரே வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டார்.

போன வருஷம் மனிதர் சோர்ந்து போனார். முகம் வெளுத்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, ரத்தப் பரிசோதனையில் சோகை என்று வந்தது. அப்போதுதான் அவளுடைய தம்பி உள்ளே புகுந்தான். சத்து மாத்திரை டப்பா விற்கிறவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அத்தானை ஒரு குழாயில் எச்சில் துப்பச் சொல்லி எங்கேயோ அனுப்பினான். வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, ஃபோலேட் என்கிற சத்தை உடம்புக்கு ஏற்றபடி மாற்றும் ஜீன் அத்தானுக்குப் பிறவியிலேயே மந்தம், சாதாரண மாத்திரை சுட்டுப்போட்டாலும் வேலை செய்யாது, ஏற்கெனவே மாற்றிவைத்த ஃபோலேட் தன் டப்பாவில்தான் இருக்கிறது என்று அடித்துப் பேசினான். டாக்டரைக் கேட்போமா என்று இழுத்தவரை, தம்பி பொய்யா சொல்லப்போகிறான் என்று வாயடைத்தவள் அவள்தான்.

சும்மா சொல்லக் கூடாது, டப்பா வேலை செய்தது. முகத்தில் ரத்தம் ஏறியது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் சோகை போயே போய்விட்டது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. அவளும் கண்ணும் கருத்துமாகத் தினமும் அந்த மாத்திரையைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று காலை அவர் வழக்கம்போல முன்னால் கிளம்பிப் போனார். கதவைப் பூட்டிக்கொண்டு பின்னால் வந்தவள், நாலு வீடு தள்ளித் தெரு நடுவில் அவருடைய வலது கால் செருப்பு கிடப்பதைப் பார்த்தாள். திரும்பி வருவார் என்று நின்றாள். வரவில்லை. செருப்பைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்ததும் எட்டிப் பார்த்தாள். சீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்புதான் கிடந்தது. ஒரு கால் வெறுங்காலாகத் தெருவைத் தொட்டுக்கொண்டே டிப்போ வரை நடந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியவே இல்லை.

அப்புறம்தான் அதைக் கவனித்தாள். அடுத்த நிறுத்தம் வரும்போது அவர் சட்டென்று குனிந்து காலைப் பார்த்தார். பிறகே பிரேக்கை மிதித்தார். அதற்கடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் அந்த நேரத்தில் ரோட்டைப் பார்க்க ஆளில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தன் காலைப் பார்த்து ஓட்டி அவள் கண்டதில்லை. வண்டி நிறையக் கூட்டம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஆட்கள். முன்னால் பாலம், பாலம் முடிந்ததும் செங்குத்தான இறக்கம், இறக்கத்தின் அடியில் மார்க்கெட். அங்கே சனங்கள் வண்டி வருவதைப் பார்த்தா குறுக்கே போகிறார்கள்?

அவள் எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் குனிந்தாள்.

"ஏங்க, இறக்கத்துக்கு முன்னாடியே ஓரங்கட்டுங்க."

ஆபீஸ் நேரத்தில் விளையாடாதே, போய் உட்கார் என்றார் அவர்.

"உங்க செருப்பு எங்க?"

"கீழதான் கிடக்கு."

"ஒண்ணுதான் கிடக்கு. இன்னொண்ணு தெருவுல கிடந்துச்சு. இதோ பாருங்க."

காகிதத்தைப் பிரித்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிகிற மாதிரி பிடித்தாள். அவர் பார்த்தார். பாலம் முடிய இன்னும் கொஞ்ச தூரம்தான். வண்டி போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தவில்லை என்றால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவது, மானம் போனால் போகட்டும் என்று வாயைத் திறக்கப் போனாள். அவர் குனிந்தார், பார்த்தார், மிதித்தார். தூக்கிப்போட்டு நின்றது வண்டி. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"என்ன தொட்டில்காரரே, வண்டி ரிப்பேரா?" என்று ஓடிவந்தார் கண்டக்டர்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. வேற ஆள வரச் சொல்லுங்க," என்றவர், சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். மாசக்கணக்காகக் கால் மரத்துக் கிடக்கிறது, சுகர் இருந்தால் அப்படித்தான் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டேன், சொன்னால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தேன் என்று ரோட்டோரத்தில் நின்று அவளிடம் சொல்லி அழுதார்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். வலது கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, விரல் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று கேட்டார்.

"மேல," என்றார் தொட்டில்காரர், கொஞ்சமும் தயங்காமல்.

டாக்டரம்மா விரலை அசைக்கவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தத்தில் பி12 வைட்டமின் தரைமட்டத்தில் இருந்தது. பல வருஷமாகப் போடும் சுகர் மாத்திரை அதை மெதுவாகக் குறைத்திருக்கிறது. அந்த ஜீன் விஷயம் நிஜந்தான், ஆனால் எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது, சாப்பாட்டில் கிடைப்பதும் சாதாரண ஃபோலிக் ஆசிடுமே பெரும்பாலும் போதும், அதை மட்டும் பார்த்து டப்பா வாங்கியதுதான் தப்பு, முதலில் பி12 பார்த்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"பி12 இல்லாததாலதான் சோகையே வந்திருக்கு. ஃபோலேட் அந்தச் சோகைய மட்டும் மறைச்சிடுச்சு. நரம்பு கெட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு."

ஊசி ஆரம்பமானது. எவ்வளவு திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். டிப்போவில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். தம்பி ஒருநாள் புது டப்பாவோடு வந்தான். அக்கா வாசலிலேயே நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஆனால் மாத்திரையை எடுத்துக் கொடுத்தது தன் கைதான் என்பது அவளுக்கு ஆறவே இல்லை. வேறொருவர் ஓட்டும் பஸ்ஸில், குலுங்கிக் குலுங்கி வேலைக்குப் போய்வந்தாள்.

சாயங்காலம் வந்ததும் அவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுவாள். கட்டைவிரலைப் பிடித்து மேலா, கீழா என்று கேட்பாள். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். பத்துக்கு அஞ்சு சரியாக இருக்கும். குருட்டாம்போக்கில் யார் சொன்னாலும் அவ்வளவு வரும். அவள் முகத்தைக் காட்டிக்கொள்ளாமல் நாளைக்குப் பார்ப்போம் என்பாள்.

மாசங்கள் போயின. ஒருநாள் விரலைப் பிடித்தவளுக்குக் கேட்கவே பயமாக இருந்தது. அப்படியே வைத்துக்கொண்டு, "மேலயா, கீழயா?" என்றாள்.

அவர் கண்ணை மூடியபடி ரொம்ப நேரம் யோசித்தார்.

"நீ இன்னும் அசைக்கவே இல்லையே," என்றார்.