அண்ணன் வெறுங்காலில் ஓடிய நாள்

போன வியாழக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது செல்வராசு அண்ணன் வீட்டிலிருந்து மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன். மதினி அழவில்லை. "அண்ணன் போயிட்டாக தம்பி" என்றார், அவ்வளவுதான். வலது பாதத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண். மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகும் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேனி கடைவீதியில் அவரிடம் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டக் கொடுத்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. என் பாத்திரக்கடைக்கு அடுத்தது அவர் பட்டறை. உள்ளே யாரும் செருப்போடு நுழைய முடியாது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டு, வாசலில் வெயிலில் நின்றே பேசிவிட்டுப் போனார். "சோறு போடுற மிசினு. அது முன்னாடி செருப்பென்ன செருப்பு?" என்பார் அண்ணன்.

சர்க்கரை நோய் அவரை வெகுநாளாகத் தின்றுகொண்டிருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். சொன்னால் என்னைத்தான் முறைப்பார். பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் நடக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் அவருடைய தம்பி பாண்டி, "நீங்க வீட்ல இருங்கண்ணே, பட்டறைய நான் பாத்துக்கிறேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான் என்று இன்றும் நம்புகிறேன். அண்ணன் என்னிடம் வந்து பொருமினார். "என்னய மூலையில உக்கார வைக்கப் பாக்குறாக. உக்காந்தா நான் செத்தேன்."

அந்தச் சமயத்தில்தான் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த உடற்பயிற்சிக்கூடத்தில் இன்டோர் டிரையத்லான் என்று அறிவித்தார்கள். கூரை போட்ட குளத்தில் நீச்சல், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், கடைசியில் டிரெட்மில் என்ற ஓடும் பட்டையின் மேல் ஓட்டம். எங்களில் யாரும் அதுவரை கேள்விப்படாத பெயர். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டு, பாண்டியையும் பார்க்க வரச் சொன்னார். "முடிச்சுக் காட்டுறேன். அதுக்கப்புறம் எவனும் என்னய வீட்ல இருன்னு சொல்லக் கூடாது." பாண்டி ஒப்புக்கொண்டான்.

அண்ணன் மார்க்கையன்கோட்டை வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவர். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு தன் பாணியில் நீந்தி, இளவட்டங்களுக்கு நடுவே கரையேறினார். சைக்கிளில் உட்கார்ந்து மூச்சு வாங்க மிதித்தபோது, "ரோடா இருந்தா இந்நேரம் கம்பத்துக்கே போயிருப்பேன்லே!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிரெட்மில்லுக்கு முன்னால் பயிற்சியாளர் ஷூ எங்கே என்று கேட்டார். நான் என்னுடையதைக் கழற்றி நீட்டினேன். "மிசினு மேல செருப்புக்காலோட ஏறுறதா? போடா அங்கிட்டு" என்றார் அண்ணன். குனிந்து அந்தப் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஏறிவிட்டார். தண்ணீரில் ஊறிய பாதம். சூடேறிய ரப்பர் பட்டை. வேறு யாராவது என்றால் கொஞ்ச நேரத்தில் அலறிக் குதித்திருப்பார்கள். அவருக்குத்தான் பாதத்தில் உணர்ச்சியே இல்லையே. கடைசிவரை ஓடி முடித்தார். எங்கள் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது பாண்டிதான்.

இறங்கி எங்களை நோக்கி நடந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளை டைல்ஸ் தரையில் அவருக்குப் பின்னால் சிவப்புச் சிவப்பாகத் தடம். கைதட்டல் நின்றுபோனதும் அவரும் திரும்பிப் பார்த்தார்.

"அய்யோ, யாருக்கோ கால்ல ரெத்தம் கொட்டுது பாருங்கப்பா" என்று பதறினார். "யாருன்னு பாத்து, மொதல்ல புடிச்சு உக்கார வைங்க."

முடித்துக் காட்டிய சந்தோஷத்தை அந்த நிமிஷமே மறந்து, யாரென்றே தெரியாத ஒருவருக்காகப் பதறிய அந்தக் குரலைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குப் போதாது, அந்த மனுஷனே வேண்டும்.

அன்று பாண்டி ஓடிப்போய், அண்ணனைத் தோளோடு பிடித்து உட்கார வைத்தான்.