பொம்மை ரயிலுக்குப் பயணிகள்

வாரமெல்லாம் பேருந்து ஓட்டுகிற மனிதர், விடுமுறை நாளிலும் வண்டி ஓட்டத்தான் கிளம்புகிறார் என்றால் எந்த மனைவிக்குப் பொறுக்கும்? தையல் கடை வைத்திருந்த அவளுக்கும் பொறுக்கவில்லை. சாப்பாட்டு மேசையை வேறு அவருடைய பொம்மை ரயில் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த ரயில் பைத்தியங்கள் வாராவாரம் கூடி அப்படி என்னதான் செய்கிறார்கள், பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு அவளும் புறப்பட்டாள்.

சைக்கிள் கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். முடிதிருத்துபவர் ஒருவர் மட்டும் வழக்கம்போலக் கடைசியில் ஓடிவந்து சேர்ந்தார். அவரவர் வீட்டில் செய்துவந்த தண்டவாளப் பலகைகளை ஒன்றாகப் பொருத்தியதும், குட்டி ரயில் ஒன்று மலையைச் சுற்றி, பாலத்தைக் கடந்து, நிலையத்தில் வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

“எல்லாம் சரி, ஸ்டேஷன்ல ஒரு ஈ காக்கா இல்லையே! யாருக்காக ஓடுது இந்த வண்டி?” என்றாள் அவள்.

எல்லோரும் காலியான நடைமேடையை எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம், களிமண்ணில் தானே செய்த விரல்நுனி அளவு மனிதர்களோடு வந்தாள். அவர்களில் ஒருவர் பையும் கையுமாக ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார். பார்த்ததுமே சிரிப்பு வெடித்தது. எப்போதும் தாமதமாக வரும் அந்த முடிதிருத்துபவர்தான் அது! அன்றும் தாமதமாக வந்தவர், குனிந்து தன்னையே பார்த்தார்.

“நெஜத்துலதான் எனக்கு எந்த வண்டியும் கிடைக்கிறதில்ல. இங்கயாவது உள்ள ஏத்தி விடுங்கக்கா.”

அவள் ஊசி முனையால் அவரை மெல்ல எடுத்து, ரயில் பெட்டியின் ஜன்னலோரமாக ஒட்டினாள். ரயில் கிளம்பியது. முடிதிருத்துபவரும் பலகையோரமாகக் கூடவே நடந்தார்.

“போலாமா?” என்றார் கணவர்.

“இருங்க, இன்னும் ஒரு சுத்து பாத்துட்டுப் போலாம்.”