கண்ணாடியில் வைத்த மன்னிப்பு

நோரீன் ஆக்ராய்டுக்கு அறுபத்தொன்பது வயது. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பரிமாறி ஓய்வு பெற்றவள். பேருந்தில் யாராவது அவள் காலை மிதித்தால் முதலில் மன்னிப்புக் கேட்பது அவள்தான். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அவள் கொஞ்சம் அதிகம்.

செவ்வாய்தோறும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் 'பை' ஒன்று செய்து, காரில் வைத்துக்கொண்டு தோழி பெரிலைப் பார்க்கப் போவாள். பெரிலுக்கு இடுப்பில் அறுவை நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் வீடு மேட்டில் இருக்கிறது. இரண்டு பேருந்து மாறி அந்த மேட்டை ஏற நோரீனின் முழங்கால் ஒத்துழைக்காது. கார் இல்லாவிட்டால் செவ்வாயும் இல்லை.

பெரில் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் முற்றத்தைப் போன வருட வசந்தத்தில் ஒரு தனியார் நிறுவனம் கண்காணிக்க ஆரம்பித்தது. பலகை நட்டார்கள், கேமரா வைத்தார்கள், வருபவர்கள் காரில் வைக்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி அட்டை தந்தார்கள். ஒன்றே ஒன்று. அந்தச் செவ்வாயன்று பெரிலின் அட்டையை, கட்டு மாற்ற வந்த நர்ஸ் மறந்துபோய்த் தன் காரிலேயே கொண்டுபோய்விட்டாள். நோரீன் ஒரு தாளில் எழுதிக் கார்க் கண்ணாடிக்குள் வைத்தாள்: "மன்னிக்கவும். அட்டை நர்ஸிடம் இருக்கிறது. பதினான்காம் எண் வீட்டில் இருக்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

ஒன்பதாம் நாள் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நூறு பவுண்டு; பதினான்கு நாளுக்குள் கட்டினால் அறுபது. இது அபராதம் அல்ல. அபராதம் போடும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் இல்லை. அபராதம் மாதிரி உடுத்திக்கொண்டு வந்த ஒரு பில். பயந்தவர்கள் கட்டிவிடுவார்கள் என்பதுதான் அந்த வியாபாரத்தின் மூலதனம்.

நோரீன் நிறுவனத்துக்கு முறையீடு எழுதினாள். நடந்ததை அப்படியே சொன்னாள், மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். பதில் ஒரே பக்கம். அவள் தாளின் புகைப்படம் அதில் அச்சாகியிருந்தது. அட்டை தேவை என்று தெரிந்தே நிறுத்தினீர்கள், உங்கள் கையெழுத்தே சாட்சி, முறையீடு நிராகரிக்கப்படுகிறது, அறுபதாகக் கட்ட இன்னும் பதினான்கு நாள் தருகிறோம்.

"நீ ஏன்டி இதை எழுதி வெச்ச?" என்றாள் பெரில்.

"ஒண்ணும் சொல்லாம விட்டுட்டுப் போனா மரியாதையா இருக்குமா?"

"கேமராவுக்கு மரியாதை காட்டுறவ உலகத்துல நீ ஒருத்திதான்."

பிறகு பெரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அறுபதை நான் தர்றேன். ஆனா இனிமே நீ வராத. என்னால உனக்கு இது மாதிரி இன்னொண்ணு வேணாம். போன்ல பேசிக்கலாம்."

"போன்ல பை ஊட்ட முடியுமா? சும்மா இரு."

சும்மா இருந்தவள் நோரீன் இல்லை. வெளியே போய் மழையில் நின்று பலகையை முழுதாகப் படித்தாள். திரும்பி வந்து கேட்டாள்: "இந்தப் பலகை போன வருஷம் வந்தது. நீ எப்பக் குடி வந்த?"

"இருபத்தாறு வருஷமாச்சு."

"அப்பக் கையெழுத்துப் போட்ட பேப்பர் எங்க?"

பிஸ்கட் டப்பாவில் இருந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: வாடகைதாரரும் அவரைக் காண வருபவர்களும் முற்றத்தில் வண்டி நிறுத்தலாம். அட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த வரியை இன்றுவரை யாரும் ரத்து செய்ததும் இல்லை.

நிறுவனத்துக்கு அப்பால், இப்படிப்பட்ட முறையீடுகளை விசாரிக்க ஒரு நடுவர் உண்டு. அங்கே போனால் அறுபது என்ற சலுகை போய்விடும், தோற்றால் நூறு. நோரீன் பேனாவை எடுத்தாள். பெரில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"முதல் வார்த்தையே சாரியா? அதை அடிச்சுடு."

"பழக்கம்டி."

"கம்பெனிக்காரனுக்கும் அது நல்லாப் பழகிடுச்சு. அடி."

மூன்றாவது தாளில்தான் மன்னிப்பு இல்லாத கடிதம் வந்தது. நான்கே வரி, ஏழாம் பக்கத்தின் நகல்.

முடிவுக்காகக் காத்திருந்த ஆறு வாரமும் அவள் காரைக் கீழ்த் தெருவில் நிறுத்திவிட்டு, வழியில் மூன்று இடத்தில் நின்று நின்று மேட்டை ஏறினாள். பை ஆறிப்போய்த்தான் வந்து சேரும். பிறகு முடிவு வந்தது. குடியிருப்பவருக்கு ஒப்பந்தம் கொடுத்த உரிமையை ஒரு பலகை பிடுங்கிவிட முடியாது என்று நடுவர் எழுதியிருந்தார். மறுநாள் நிறுவனத்திடமிருந்தும் ஒரு வரி: கட்டணம் ரத்து, நீங்கள் மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லை.

நோரீன் அதைப் பெரிலிடம் காட்டினாள். பெரில் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினாள்.

"என்ன தேடுற?"

"சாரி எங்கயாவது இருக்கான்னு பாத்தேன்."

இல்லை.

அடுத்த செவ்வாய் கார் முற்றத்தில் நின்றது. கண்ணாடிக்குள் ஏழாம் பக்கத்தின் நகல். பெரில் ஜன்னலோரம் ஊன்றுகோலோடு நின்று பார்த்தாள்.

"அந்தத் தாளுக்குக் கீழ ஏதாவது எழுதியிருக்கியா?"

"ஒண்ணும் எழுதல. வந்து உக்காரு, சூடா இருக்கு."