ஆளுக்கொரு வரி

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். ஈமெயில் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. மகன் மஸ்கட்டில், மகள் அமெரிக்காவில் என்று இருப்பவர்கள் மூச்சு வாங்கப் படியேறி வந்து, எதிரே உட்கார்ந்து வாயால் சொல்வார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து நான் அனுப்புவேன். எல்லோரும் சொல்வது ஒரே சங்கதிதான். நலம், நலமறிய ஆவல். காதுகுத்து வைத்திருக்கிறோம், வரவும். இதையே காலையிலிருந்து சாயங்காலம்வரை அடித்தால் யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கு மத்தியானத்துக்குள்ளேயே வந்துவிடும்.

அதனால் கடிதத்தைத் துண்டுகளாகப் பிரித்து வைத்தேன். வணக்கம் ஒரு துண்டு, விசேஷத்தைச் சொல்வது ஒன்று, முடிப்பது ஒன்று. காதுகுத்தோ கல்யாணமோ, வேண்டியதை எடுத்துக் கோத்தால் போதும். பெயர்கள் வருகிற இடத்தில் ஒரு லூப் எழுதினேன். அது பெரிய வித்தை இல்லை. பட்டியலில் ஆள் தீரும்வரை இந்த வரியைத் திரும்பத் திரும்ப எழுது என்று கம்ப்யூட்டரிடம் சொல்வது, அவ்வளவுதான். நாலு பேர் என்றால் நாலு வரி. ஒருவர் என்றால் ஒரு வரி.

அப்போதுதான் பாத்திரக்கடை அண்ணாச்சி வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம். பத்திரிகைகளின் மூலையில் மஞ்சள் தடவித் தபாலில் போட்டாகிவிட்டது. வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு மெயிலும் போக வேண்டும்.

“எல்லா வீட்டுக்கும் ஒண்ணுபோல இருக்கணும்மா. ஒரு சொல்லு கூடப்படாது, கொறையப்படாது.”

“அதுக்குத்தான் அண்ணாச்சி இத எழுதி வச்சிருக்கேன்.”

“நீ சிரிக்காத. மூத்தவ கல்யாணத்துல ஒரு வீட்டுக்கு ‘அவசியம் வரவும்’னு எழுதிட்டேன். எங்க சித்தப்பா வீட்டுக்கு வெறும் ‘வரவும்’. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு மனுசன் பந்தியில உக்காரவே மாட்டேன்னுட்டாரு. மஸ்கட்டுல எல்லாப் பயலும் ஒரே தெருவுல இருக்கானுவ. பக்கத்துல வச்சுப் பாக்காம இருப்பானுவளா?”

அவர் மிகைப்படுத்தவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் எங்கள் பக்கத்தில் மன்னித்துவிடுவார்கள். அழைப்பில் ஒரு சொல் குறைந்தால் பேரன் காலம்வரை பேசுவார்கள்.

குழந்தைகள் பெயரைத் தனியாகப் போட்டால் மதிப்பாக இருக்கும் என்பதும் அவர் யோசனைதான். பெரியவர்களின் பெயருக்கு அடியில் ‘குழந்தைகள்’ என்று ஒரு தலைப்பு, அதன் கீழே லூப். அப்படியே செய்து கொடுத்தேன்.

மறுநாள் சரிபார்க்க மனைவியையும் அழைத்து வந்தார். அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அந்த அம்மா எனக்கு மதினி. ஒவ்வொரு வீட்டுக்கும் போகிற மெயிலைத் தாளில் அடித்துக் கொடுத்தேன். மதினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“ஏ பிள்ள, இதுல எங்கன மஞ்சத் தடவ?”

“இந்தத் தாளுல தடவுங்க மதினி. அங்கன போய்ச் சேராது, உங்க மனசுக்கு ஆச்சு.”

“வாயப் பாரு இவளுக்கு” என்று சிரித்தாள். அடுத்த தாளை எடுத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

மஸ்கட்டில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்கான தாள் அது. மருமகன் பெயர், மகள் பெயர். அதற்கடியில் ‘குழந்தைகள்’ என்று இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை. தலைப்பு லூப்புக்கு வெளியே இருந்தது. அடியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. அச்சடித்துவிட்டுப் போய்விடும்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். “ஏளா, இத நான் நெனைக்கலியே” என்றார் மதினியிடம்.

மதினிதான் எனக்குச் சொன்னாள். மகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். கடைசியாக ஊருக்கு வந்தது ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. பந்தலில் இருந்த பெண்கள் வரிசையாக “விசேஷம் உண்டா?” என்று கேட்டிருக்கிறார்கள். தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள்தான். அதற்குப் பிறகு வரவே இல்லை.

“தங்கச்சி கல்யாணத்துக்காவது வருவாளான்னு தெனமும் சாமிகிட்டக் கேட்டுக்கிட்டிருக்கேன். இதப் பாத்தா வருவாளா பிள்ள?”

“ஆள் இல்லன்னா தலைப்பே வராமப் பண்ணிரலாம் மதினி. ஒரு வரி சேத்தாப் போதும்.”

“அப்போ அவளுக்கு மட்டும் கடுதாசி குட்டையா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரிக்கு இருக்கது அவளுக்கு இருக்காது. அது அவளுக்குத் தெரியாதா?”

எனக்குக் கோபம் வந்தது. பந்தலில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவள் வயிற்றை விசாரிக்கிற கூட்டத்தின் மேல் வந்த கோபம். அந்தக் கழுதைகளுக்கும் சேர்த்துத்தான் ‘அவசியம் வரவும்’ அடித்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்குமே அந்தத் தலைப்பு வேண்டாம்” என்றேன். “புருசன், பொண்டாட்டி, பிள்ளைங்க எல்லாரும் ஒரே பட்டியல். ஆளுக்கொரு வரி.”

“வெறும் பேரா? ரேஷன் கார்டு மாரில்லா இருக்கும்?” மதினி கொஞ்சம் யோசித்தாள். “அவுங்கவுங்களுக்குப் புடிச்சது என்னன்னு போடு. இன்னாருக்கு இன்னது வச்சிருக்கோம், வந்து சாப்பிடுங்கன்னு.”

அண்ணாச்சி பதறினார். “ஏளா, கல்யாணத்துக்குக் கூப்பிடுதோமா, கிளப்புக்கடை நடத்துதோமா?”

“நீங்க சும்மா இருங்க.”

அந்த வரியை மாற்றி எழுதினேன். மதினி சொல்லச் சொல்ல அடித்தேன். அண்ணன் மகனுக்கு முந்திரிக்கொத்து. அவன் பெண்டாட்டிக்குக் கூட்டாஞ்சோறு. அவன் பையனுக்குக் கருப்பட்டி மிட்டாய். அத்தனை வீட்டு ஆட்களின் நாக்கும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. மூத்த மருமகனுக்கு உளுந்தம்பருப்புச் சோறு என்றாள். அடுத்து மகள். மதினி வாயைத் திறந்தாள். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “அவளுக்கு மறுவீட்டுச் சொதி. இஞ்சிப் பச்சடி தனியாக் கிண்ணத்துல.”

சொதி என்பது தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் அது மறுநாள் விருந்துக்குத்தான். அதைச் சாப்பிட வேண்டுமென்றால் தாலி கட்டியதும் ஓடிவிட முடியாது. ராத்திரி தங்க வேண்டும். அவர் கேட்டது அதைத்தான். நேரே கேட்க அந்த மனுசனுக்கு வாய் வரவில்லை.

போன் லைன் இரண்டு தடவை அறுந்து, ஒருவழியாக எல்லாம் போய்ச் சேர்ந்தது.

பதில்கள் வரத் தொடங்கின. அண்ணன் மகன், முந்திரிக்கொத்து தனக்குப் பிடிக்காது, தம்பிக்குத்தான் பிடிக்கும், அத்தைக்கு வயசாகிவிட்டது என்று எழுதியிருந்தான். மதினி அவனை வைதாள். மூத்தவளிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சி கடைக்குப் போகிற வழியில் தினமும் கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்ப்பார். நான் கையை ஆட்டுவேன், இல்லை என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். பார்க்கவே சகிக்காது.

ஒரு காலையில் வந்தது. இரண்டு பேரையும் வரவழைத்து, தாளில் அடித்து வாசித்துக் காட்டினேன். நாங்கள் அனுப்பியதன் கீழேயே, அதே மாதிரி ஆளுக்கொரு வரி எழுதியிருந்தாள். அம்மாவுக்கு முழங்கால் தைலம். அப்பாவுக்கு நல்ல பேரீச்சம்பழம், கடையில் உட்கார்ந்து தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுபோகவும். தங்கச்சிக்கு என்னவென்று சொல்ல மாட்டேன். கடைசி வரி அவளுக்கே அவள் எழுதியது: எனக்கு மறுவீட்டுச் சொதி, கிண்ணம் பெரியதாக இருக்கட்டும்.

மதினி தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவளும் ஒருமுறை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அதை மடித்து எடுத்துக்கொண்டு படியில் பைய இறங்கத் தொடங்கினாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“ஏளா, தேங்கா இன்னும் கொஞ்சம் கூடச் சொல்லணும். மொதப் பாலு கெட்டியா இருந்தாத்தான் அவ தொடுவா!”