கோள் சொன்ன மரம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மலையேறுவதுதான் உத்தியோகம். ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. வீட்டு மாடிக்கே இரண்டு தவணையில்தான் ஏறுவார். ஆனால் உச்சியில் நிற்கும் கிழட்டு மரங்களைச் சாய்க்காமல் துளையிட்டு, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவி எடுக்க அவரை விட்டால் அவர் வேலை பார்க்கும் மர ஆய்வுக்கூடத்தில் ஆள் கிடையாது.

அதே கூடத்தில் அக்கா அந்தக் குச்சியைத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை அளப்பாள். மழை பெய்த ஆண்டுக்குத் தடித்த வளையம், பொய்த்த ஆண்டுக்கு மெலிந்த வளையம். மழையை யாரும் அளக்காத காலத்துக் கதை இப்படித்தான் கிடைக்கிறது. பல வருடம் ஊர் சுற்றித் திரும்பிய என்னிடம், சாப்பிட்டாயா என்று கேட்கும் முன் அங்கே மரங்கள் எப்படி என்று கேட்ட குடும்பம் இது.

போன மாதம் மாமா கொண்டுவந்த குச்சிகளை அக்கா அளந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வளையங்கள் எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒரே தடிமன். மலையையே வறுத்தெடுத்த பழைய வறட்சிகூட அதில் தெரியவில்லை. பாறைச்சரிவில் வானத்தை மட்டும் நம்பி நிற்கும் மரம்தான் வறட்சியில் இளைக்கும். இதுவோ ஓடைக்கரையில் உட்கார்ந்து தின்ற மரம்.

அக்கா மாமாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இந்த மரம் எங்க நிக்குது?"

"மேலதான்."

"மேலன்னா?"

"ரோட்டுக்கு மேல."

அக்கா குச்சியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாமா கதவைச் சாத்திவிட்டுக் கால்சட்டையை மடித்தார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது.

"வெளிய தெரிஞ்சா மலைக்கு விடமாட்டாங்க. உன் பக்கத்துல உக்காந்து குச்சி தேய்க்கச் சொல்வாங்க."

"என் பக்கத்துல உக்கார்றது அவ்வளவு பெரிய தண்டனையா?"

மாமா புத்திசாலி, மடித்த கால்சட்டையைப் பிரித்துவிடுவதில் மும்முரமானார்.

முதலில் மருத்துவர், பிறகு துறைத்தலைவர் என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள். தலைவரிடம் மாமாவே உண்மையைச் சொன்னார். இனி மலையடிவாரம் வரைதான் என்று உத்தரவானது; மரத்தைக் காட்ட மாமா, துளையிட அக்கா. நான் சுமைதூக்கி.

மாமா சரிவின் அடியில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, "அது இல்ல, பக்கத்துல கோணலா நிக்குதே, அது" என்று கத்தினார். அக்காவின் முதல் குச்சி மூன்றாக உடைந்தது. அடுத்தது முழுசாக வந்தது. இறங்கி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"பாருங்க, எப்படி இளைச்சுப் போயிருக்கு பாவம்."

மாமா அதை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஏறி இறங்கிய எங்கள் இருவரைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்திருந்தது.